டேங்கில் இருபத்திரண்டு லிட்டர்

ஐந்தருவி சாலை, குற்றாலம்
18.8.2025

நல்லதம்பிக்கு,

இன்று காலை பத்தரை மணிக்கு ஜீப்பின் டேங்கிலிருந்து இருபத்திரண்டு லிட்டர் டீசல் எடுத்தோம். அளந்தவர் தென்காசி மெக்கானிக் ஹபீபுல்லா. ஐந்து லிட்டர் கேன் நான்கு முறை நிறைந்தது. ஐந்தாவது முறை பாதிக்குச் சற்றுக் குறைவு. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

ஜீப்பை விற்றுவிடலாம் என்றிருந்தேன். வாங்க வந்தவர், ஓடுமா ஓடாதா என்று தெரிந்த பிறகு பேசலாம் என்றார். அதற்காகத்தான் ஹபீபுல்லாவைக் கூப்பிட்டது. உன் அண்ணன் போன நாளிலிருந்து அந்த வண்டியை யாரையும் நான் தொட விடவில்லை. கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டதோடு சரி. அந்த வாரமே என் அக்கா மகன் விஜய் மட்டும் என்னைக் கேட்காமல் பேட்டரியைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டான். பிறகு ஒருவரும் சாவி போட்டதில்லை.

ஹபீபுல்லா டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பழைய பெயிண்டு டப்பா மாதிரி வீசுது. உள்ள நெறைய கெடக்கு அக்கா" என்றார்.

"காலி டேங்க்தானே?" என்றேன்.

"காலியா? எவன் சொன்னான்?"

சொன்னது நான்.

9.7.2019 அன்று மேலகரம் தாண்டி ஜீப் நின்றது. உன் அண்ணன் பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சீசன் கூட்டத்தில் வேறு வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. டேங்கில் எண்ணெய் இல்லை, நிரப்பச் சொல்லியும் தம்பி நிரப்பவில்லை, நிரப்பினேன் என்று முந்தின நாள் என்னிடம் பொய்யும் சொன்னான் என்று துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். மறுநாள் உன்னைப் பாடைக்குத் தோள் கொடுக்க விடவில்லை. இனி என்னிடம் பேசாதே என்றும் சொன்னேன்.

பேசாதே என்று சொன்னவளே போன் செய்வது முறையில்லை. அதனால் எழுதுகிறேன். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அன்றைக்கு முந்தின நாள் நீ எத்தனை லிட்டர் நிரப்பினாய்? டேங்கில் இவ்வளவு இருந்தும் டீசல் அளவு காட்டும் முள் ஏன் அடியில் கிடந்தது?

முப்பது வருஷம் தென்காசி கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவள் நான். இந்த இரண்டு கேள்வியையும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பதில் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

குழல்வாய்மொழி


ராயகிரி
26.8.2025

மதினிக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. வாங்கியது என் வீட்டுக்காரி இசக்கிசெல்வி. உறையில் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க மதினிட்ட இருந்து வந்திருக்கு. கோர்ட்டு சம்மனா என்னன்னு பாருங்க" என்று என் மடியில் போட்டாள். படித்துவிட்டு மூன்று நாள் எழுத முடியவில்லை. கோபத்தில்தான்.

பேசக்கூடாது என்றுதான் சொன்னீர்கள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே பதில்.

8.7.2019, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. இருபத்தைந்து லிட்டர் ஊற்றினேன். அதற்கு முன்னால் அண்ணன் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். நுனி மட்டும்தான் நனைந்தது. ஊற்றிய பிறகும் விட்டுப் பார்த்தார். "இந்த வாரத்துக்குப் போதும்லே" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

முள்ளைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த முள் 2016-லேயே செத்துப்போனது. டேங்க் வழிய வழிய நிறைந்தாலும் அது அடியில்தான் கிடக்கும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் குச்சியைப் பழகிவிட்டார். அந்தக் குச்சி எதற்கு என்று ஒருநாளாவது நீங்கள் கேட்டதுண்டா?

ஊற்றினேன் என்று மூன்று தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. உங்கள் சித்தப்பா என் கையைப் பிடித்து, "ஏலே, அவ புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கா. இப்பப் போயி எதுத்துப் பேசிக்கிட்டு" என்று வெளியே கூட்டிப்போனார். சுடுகாடு வரை கூட்டத்துக்குப் பின்னால் நடந்தேன். என் தோள் மட்டும் சும்மா இருந்தது. நாலாவது ஆளாக, அண்ணனுக்குப் பத்து நாள்கூடப் பழக்கமில்லாத ஒருவர் தோள் கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வடகரை வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இசக்கிசெல்வி ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே எனக்கு முன்னால் அந்தப் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் என்னை வைத்துக்கொண்டே ஒருத்தன் சொன்னான்: "அண்ணாச்சி வண்டியில ஏறுததுக்கு முன்ன டேங்க எட்டிப் பாத்துக்கோங்கப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு என்ற எண் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. இந்த ஆறு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே சாட்சி அது.

நல்லதம்பி


குற்றாலம்
3.9.2025

தம்பி நல்லதம்பிக்கு,

நேற்று குற்றாலீஸ்வரனைப் பார்த்தேன். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருப்பவர், அன்றைக்கு ஜீப்பை ஓட்டியவர். டேங்க் காலி என்று முதலில் சொன்னது அவர்தான். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"முள்ளு கீழ கெடந்துது. வண்டி விக்கி விக்கி நின்னுது. வேற என்னன்னு நெனைக்க? மூடியத் தொறந்து பாக்கலக்கா" என்றார். கொஞ்ச நேரம் கொய்யாவை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆறு வருசம் கழிச்சுக் கேக்கீங்க" என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அன்று பானட்டைத் திறந்து, டீசலை வடிகட்டும் பில்டரின் அடித் திருகைக் கழற்றி விட்டாராம். ஏதோ கொஞ்சம் வடிந்ததாம். சாரல் பெய்துகொண்டிருந்தது, ரோடே நனைந்து கிடந்தது, வடிந்தது என்னவென்று பார்க்கவில்லை என்றார். ஹபீபுல்லா பார்க்கும்போதும் அந்தத் திருகு லூசாகத்தான் இருந்தது. பில்டர் காய்ந்து கிடந்தது, அதில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக, நீ நிரப்பியிருந்தாய். நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. அதற்குத் தெரியாமல் என்று பெயர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வரும்போதே உயிர் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அரைமணிக் கணக்கைச் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற யாரோ. முகம்கூட நினைவில்லை. டாக்டர் பெயரைச் சேர்த்துக்கொண்டது நான்.

அன்று வீட்டில் என் பேச்சைக் கேட்டவர்களில் நினைவுக்கு வருபவர்கள் பதினாறு பேர். பன்னிரண்டு பேரிடம் நேரிலும் போனிலும் சொல்லிவிட்டேன், டேங்கில் எண்ணெய் இருந்தது என்று. நான்கு பேர் உயிரோடு இல்லை. சித்தப்பா அதில் ஒருவர்.

எண்ணெய் இருந்தும் வண்டி ஏன் நின்றது என்று ஹபீபுல்லா பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுத்ததை வெள்ளைக் கேன்களில் இரண்டு நாள் அசையாமல் வைத்தார். மேலே பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் டீசல், பத்தொன்பது லிட்டர். அடியில் தண்ணீர், மூன்று லிட்டர். இரண்டுக்கும் நடுவே கருப்பாக வழவழவென்று ஒரு படலம். மூடியின் ரப்பர் பொடிந்துவிட்டது, ஆறு சீசன் சாரலில் பாதி டேங்க் காற்று வாங்கினால் அந்த ஈரம் இறங்கித் தண்ணீர் சேரத்தான் செய்யும் என்கிறார். ஆனாலும் மூன்று லிட்டர் அதிகம் என்று தலையை ஆட்டுகிறார். அன்றைக்கு எந்தப் பெட்ரோல் பங்கில் அடித்தது என்று கேட்கிறார். நினைவிருந்தால் எழுது.

நீ வர வேண்டும். எப்போது என்று நீ சொல்.

மதினி


ராயகிரி
20.9.2025

மதினிக்கு,

இங்கே மாமனார் வயலில் வேலை இருந்ததால் தாமதம்.

நீங்கள் பன்னிரண்டு பேரிடம் சொன்னது இங்கே வந்துவிட்டது. போன வாரம் இசக்கிசெல்வியின் மாமா வீடு தேடி வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். வந்ததே போதும்.

பங்க் பெயர் நினைவில் இல்லை. நாள் ஆகிவிட்டது.

மூடி ரப்பர் பொடிந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். கொட்டகைக் கூரை அருவிப் பக்கம் ஒழுகும். எனக்குத் தெரியும். ஹபீபுல்லா பாய் அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம். இரும்புக்குப் போடுங்கள். நின்ற வண்டியைக் கிளறி என்ன ஆகப்போகிறது? அண்ணன் வரப்போவதில்லை.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நல்லதம்பி


குற்றாலம்
26.9.2025

தம்பிக்கு,

கூரை ஒழுகுவது உண்மை. ஹபீபுல்லா நேற்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஒழுகும் இடம் ஜீப்பின் முன்பக்கம். டேங்க் மூடி இருப்பது பின்பக்கம், காய்ந்த இடம். ஆனால் ஆறு வருஷமும் அப்படியே இருந்ததா என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றார். அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் நாள், கிழமை, மணி, லிட்டர், அண்ணன் பேசிய பேச்சு எல்லாம் உனக்கு நினைவிருக்கிறது. பங்க் மட்டும் நினைவில்லை. அதே கடிதத்தில் இரண்டு இடத்தில் "ஊற்றினேன்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு இடத்திலும் "அடித்தேன்" என்று இல்லை.

அன்று சாயங்காலம் நான் கோர்ட்டிலிருந்து வந்து இறங்கும்போது நீ புறப்பட்டுக்கொண்டிருந்தாய். "எண்ணெய் அடிச்சாச்சா?" என்று கேட்டேன். "அடிச்சாச்சு மதினி" என்றாய். அடிப்பது பங்கில். ஊற்றுவது கேனிலிருந்து.

உன்னைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஒருமுறை ஏற்றியதே போதும். எந்தக் கேன், எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை இனி நிரப்பிக்கொள்ள மாட்டேன். நீ சொன்னால்தான் உண்டு.

ஹபீபுல்லா ஒரு வழி சொல்லுகிறார். டேங்கில் இருக்கும் தண்ணீர் எப்போது வந்தது என்று டேங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. பம்பைப் பார்த்துச் சொல்லலாம். எஞ்சினுக்கு டீசலைத் தள்ளிவிடும் பம்ப். "வண்டி அன்னைக்கு நின்னதோட சரி, பொறவு ஒரு சுத்துகூடச் சுத்தலலா? அப்பொறம் டேங்குல சேந்த தண்ணிக்கு பம்பு வரைக்கும் போக வழியே இல்லக்கா. உள்ள துரு புடிச்சு இறுகிக் கெடந்தா, தண்ணி அன்னைக்கே வந்திருச்சு. சுத்தமா எண்ணெய்ப் பசையோட இருந்தா, தண்ணி பின்னால சேந்தது. பம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். பம்பைத் திருநெல்வேலியில் அதற்கென்று இருக்கும் கடையில்தான் திறக்க முடியுமாம்.

அன்றைக்கு மறுவாரமே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தால் அரைமணியில் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். வண்டியைத் தொட விடாதது நான்தான். உன் மேல் சொன்னது சரியென்று அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

பம்பைக் கழற்றச் சொல்லவில்லை. நீ திற என்றால் திறக்கச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் ஜீப் நாளைக்கே இரும்புக்குப் போகும். ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

மதினி


ராயகிரி
3.10.2025

மதினிக்கு,

அது பங்க் டீசல் இல்லை. வடகரைக் களத்தில் பம்ப்செட்டுக்கு வாங்கி வைத்திருந்த டிரம்மிலிருந்து எடுத்தது. நான்தான் எடுத்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, யாரும் உடன் இல்லை.

அன்றைக்கு நடவு. பதினான்கு பெண்கள் வந்திருந்தார்கள். அண்ணன் காலையிலேயே போனில் சொன்னார், பங்குக்குப் போய்க் கேனில் அடித்து வா என்று. தென்காசி போய் வந்தால் அரைநாள் போய்விடும், நாற்று வாடிவிடும் என்று நினைத்தேன். டிரம்மில் எடுத்து இரண்டு கேனில் நிறைத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வந்தேன். பங்கில்தான் அடித்தேன் என்று அண்ணனும் நினைத்தார். உங்களிடமும் அதையே சொன்னேன். ஒரு சொல்தானே என்று இருந்தது.

டிரம்மைப் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மேல் தகட்டில் சாரல் தேங்கி மூடி வழியாக உள்ளே இறங்கும். எங்கள் பக்கம் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அந்த வருஷம் ஷெட்டில் உர மூட்டை அடுக்கியிருந்ததால் இடமில்லாமல் வெளியே நிமிர்த்தி வைத்தேன். நான் எடுத்தபோது டிரம் தீரும் நிலை. கடைசி இருபத்தைந்து லிட்டரைச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். தண்ணீர் இருந்தால் அந்த அடியில்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் நாலு நாள் ஆனது. அந்த வாரம் பம்ப்செட் இரண்டு தடவை விக்கி நின்றது. காற்று ஏறியிருக்கும் என்று நினைத்துச் சரிசெய்து ஓட்டினேன். அது ஏன் விக்கியது என்று யோசித்திருந்தால் அந்தக் கேனைத் தூக்கியிருக்க மாட்டேன்.

டேங்க் காலி என்று நீங்கள் சொன்னது பொய்யென்று எனக்கு அன்றைக்கே தெரியும். அப்படியானால் வண்டி ஏன் நின்றது என்று நான் என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்கு லேசாக இருந்தது. ஊற்றினேன், ஊற்றினேன் என்று ஆறு வருஷம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். எதை ஊற்றினேன் என்று ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. நேற்று இசக்கிசெல்வியிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "இதையும் மதினிக்கு எழுதிருங்க. பாதி எழுதுன லெட்டர வீட்டுல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு எறங்காது" என்றாள்.

வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு வேண்டாம் மதினி. பம்பைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது நானும் கடையில் நிற்கிறேன். நாளும் மணியும் மட்டும் எழுதுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உள்ளே துரு இருந்தால், அதன் பிறகு நான் அந்த வீட்டு வாசலுக்கு வரலாமா?

நல்லதம்பி


குற்றாலம்
9.10.2025

தம்பி நல்லதம்பிக்கு,

இன்று காலை ஒன்பது மணிக்கு ஹபீபுல்லா பம்பைக் கழற்றினார். குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றித் தன் வண்டியிலேயே வைத்துக்கொண்டு போனார். வெளியே தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உள்ளே என்ன என்பது திறக்கும்வரை தனக்குத் தெரியாது என்றார். தூக்கிப் பார்த்தால் தெரியுமா என்று நான் கேட்டதற்கு, "தேங்காயா அக்கா, ஆட்டிப் பாக்க?" என்றார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை. நான்காவது தடவை, அந்த டிரம்மைச் சாய்த்துப் பிடித்த ஆளை நினைத்துப் பார்த்தேன். நாற்று வாடிவிடும் என்ற அவசரம் தவிர அவன் மனதில் வேறொன்றும் இருந்திருக்காது. உன் அண்ணனும் அந்த இடத்தில் அதையேதான் செய்திருப்பார். ஆனால் இது என் நினைப்பு. சாட்சி இல்லை.

உறுதியானது ஒன்று உண்டு. நீ டேங்கை நிரப்பாமல் விட்டாய் என்று சொல்லி உன் தோளைத் தடுத்தேன். நீ நிரப்பியிருந்தாய். பம்பில் என்ன இருந்தாலும் இது மாறாது. இதற்கு நான் பொறுப்பு. இனி யாராலும் அந்தத் தோளை உனக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. என்னாலும் முடியாது.

துரு இருந்தால் வாசலுக்கு வரலாமா என்று கேட்டாய். வா என்று எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் துரு என்று தெரிந்த பிறகு நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேலகரத்தில் அந்த நாற்பது நிமிஷமும் நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தெரிந்தது போல ஒரு பதிலை எழுதினால், அன்றைக்கு முள்ளைப் பார்த்து டேங்கைச் சொன்னது போலத்தான் ஆகும். இந்தத் தடவை பார்க்காமல் சொல்ல மாட்டேன். வா, வராதே இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பம்பைத் திறப்பது 13-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். கடை திருநெல்வேலி சந்திப்பில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரம். ஹபீபுல்லா ஸ்டேஷன் வாசலில் பத்தரைக்கு நிற்பார். உன்னை அவருக்கு அடையாளம் தெரியாது. நீயே போய்ப் பேசு. திறந்த உடனே இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதை ஹபீபுல்லா எழுதி வாங்கி வருவார்.

நான் வரவில்லை. சாயங்காலம் அவர் திரும்பியதும் கேட்டுக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் என் பதிலைப் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ராயகிரிக்கு வந்துவிடும்.

மதினி